மிதிவண்டி வைத்த செலவு

வெள்ளி விழா மலருக்கு நம் மக்களின் கல்வி வரலாறு குறித்து ஒரு கட்டுரை வேண்டும் என்றனர் மலர்க் குழுவினர். பள்ளிகள் தோன்றிய ஆண்டுகளையும், உதவித்தொகை ஆணைகளையும், விடுதிகளின் வளர்ச்சியையும் வேறு அன்பர்கள் எழுதக்கூடும். நாம் எடுத்துக்கொண்ட பொருள் மிதிவண்டி. கல்விக்கும் மிதிவண்டிக்கும் என்ன தொடர்பு என்று இளைஞர்கள் வினவலாம். பள்ளிக்கூடம் ஓரிடத்திலும் சேரி வேறோரிடத்திலும் இருந்த நாட்டில், இடையே கிடந்த மூன்று கல், ஐந்து கல் தொலைவை எதனால் கடந்தோம், அதற்கு என்ன கொடுத்தோம் என்பதும் கல்வியின் வரலாறே. அவ்வரலாற்றில் மிதிவண்டியை வாங்கிய விலை ஒரு சிறு பகுதி. வாங்கிய பின்னர் அது நாள்தோறும் கேட்டுக்கொண்டேயிருந்த காசுதான் பெரும்பகுதி.

முதலில் ஒரு பழைய பட்டியலைப் பார்ப்போம். மதுரைக்குத் தென்கிழக்கே விரிந்து கிடந்த அன்றைய இராமநாதபுரம் மாவட்டத்தில், 1930 டிசம்பரில், ஆதிக்க சாதியார் கூடி ஆதிதிராவிடர்க்கு எட்டுத் தடைகளை விதித்தனர். பொன், வெள்ளி நகை அணியலாகாது, முழங்காலுக்குக் கீழே வேட்டி இறங்கலாகாது, சட்டை போடலாகாது, குடையும் செருப்பும் கூடாது என்பவை அவற்றுட் சில. பணிய மறுத்தவர்களின் குடிசைகள் எரிக்கப்பட்டன, தானியம் அழிக்கப்பட்டது, ஆடுமாடுகள் கொள்ளை போயின. 1931 சூனில் தடைகள் பதினொன்றாயின. 1931ஆம் ஆண்டுக் குடிமதிப்புப் பணிக்குத் தலைமை ஏற்ற ஜே. எச். ஹட்டன் இவற்றைத் தம் நூலில் பதிந்து வைத்துள்ளார். அந்தப் பதினொன்றில் இரண்டை மட்டும் நம் இளைஞர்கள் நெஞ்சில் இருத்திக்கொள்ளல் வேண்டும். ஒன்று, ஆதிதிராவிடர் பிள்ளைகள் எழுதப் படிக்கக் கற்கலாகாது என்பது. மற்றொன்று, எந்தத் தேவைக்காகவும் அவர்கள் எவ்வகை வண்டியையும் பயன்படுத்தலாகாது என்பது.

எழுத்தும் சக்கரமும் ஒரே பட்டியலில் தடுக்கப்பட்டது தற்செயல் அன்று. மிராசுதாரின் மாடுகளைப் பிள்ளைகள் மேய்க்க வேண்டும், குறைந்த கூலிக்கு உழைக்க வேண்டும், வாரத்துக்கோ குத்தகைக்கோ நிலம் பிடித்து உழலாகாது என்றெல்லாம் அதே பட்டியல் பேசுகிறது. எழுதத் தெரிந்தவன் கணக்குக் கேட்பான். சக்கரம் உள்ளவன் அடுத்த ஊரில் கிடைக்கும் கூலியைத் தேடிப் போவான். இரண்டும் பண்ணையாருக்கு நட்டம். தடை விதித்தவர்கள் நன்றாகக் கணக்குப் பார்த்தவர்களே.

இத்தனைக்கும் அதற்கு ஏழாண்டு முன்னரே சாலை சட்டப்படி நமக்கும் திறந்துவிடப்பட்டிருந்தது. 1924இல் சென்னைச் சட்டமன்றத்தில் இரட்டைமலை சீனிவாசன் கொண்டுவந்த தீர்மானத்தின்படி, பொதுச் சாலை, தெரு, கிணறு, குளம், அரசு அலுவலகம் ஆகிய எவ்விடத்திலும் எவரையும் தடுக்கலாகாது என அரசாணை பிறந்தது. ஆணை பிறந்தது, சாலை பிறக்கவில்லை. சாலையில் ஓடத் தொடங்கிய பேருந்துகளிலும் நம்மவரை ஏற்ற மறுத்தனர். இராமநாதபுரம் மாவட்டக் கழகத் தலைவராக இருந்த டபிள்யூ. பி. ஏ. சௌந்தரபாண்டியனார், அவ்வாறு மறுக்கும் பேருந்துகளின் உரிமத்தை இரத்துச் செய்வதாக ஆணையிட நேர்ந்தது என்பதிலிருந்தே, அந்த மறுப்பு எவ்வளவு பரவலாக இருந்தது என்பதை உணரலாம்.

பிறர் வண்டியை நம்பிச் செல்வதற்கு நம்மவர் கொடுத்த விலை எத்தகையது என்பதற்கு அண்ணல் அம்பேத்கரின் வாழ்வே சான்று. 1901இல், சிறுவனாக, கோரேகாவ்னில் பணிபுரிந்த தந்தையைக் காண உடன்பிறந்தாருடன் இரயிலில் சென்று இறங்கினார். தீண்டப்படாத பிள்ளைகள் என்று தெரிந்ததும் வண்டிக்காரர் எவரும் ஏற்ற முன்வரவில்லை. முடிவில் ஒருவர் இசைந்தார். கூலி இரண்டு பங்கு; வண்டியைப் பிள்ளைகளே ஓட்ட வேண்டும்; வண்டிக்காரர் கூடவே நடந்து வருவார்! 1929இல் அவர் சட்டம் கற்றுத் திரும்பிய பெரியவர். அப்போதும் சாலிஸ்காவ்னில் குதிரைவண்டிக்காரர் அவருக்கு வண்டியோட்ட மறுத்தார். நம்மவர் வண்டியை மட்டும் வாடகைக்குப் பிடித்து, ஓட்டிப் பழகாத ஒருவரைக் கொண்டு ஓட்டச் செய்ய, வண்டி பாலத்தில் மோதி அண்ணல் தூக்கி எறியப்பட்டுக் கால் முறிந்தது. இந்நிகழ்ச்சிகளை அவரே எழுதி வைத்திருக்கிறார். தனக்கென ஒரு வண்டி, தன் காலால் மிதித்தால் ஓடும் வண்டி, எவரையும் கெஞ்சாமல் ஏறி அமரத்தக்க வண்டி என்றால் அஃது எத்துணைப் பெரிய பேறு என்பதை இந்தப் பின்னணியில் வைத்தே பார்த்தல் வேண்டும்.

மிதிவண்டியின் பிறப்பு இங்கிலாந்தில். இன்றுள்ள வடிவத்துக்கு மூலமான வண்டியை 1885இல் ஜான் கெம்ப் ஸ்டார்லி செய்தார். காற்றடைத்த டயரை 1888இல் டன்லப் கொணர்ந்தார். ராலே, ஹெர்குலிஸ், பி.எஸ்.ஏ. என்ற பெயர்களோடு அவை கப்பலேறி வந்தன. 1930களில் ஜப்பானிய வண்டிகள் விலை மலிந்து வந்தன. விடுதலைக்குப் பின் 1949இல் சென்னை அம்பத்தூரில் டி.ஐ. சைக்கிள்ஸ் நிறுவப்பட்டு ஹெர்குலிஸ் நம் நாட்டுச் சரக்காயிற்று. 1951இல் சோனிப்பட்டில் அட்லஸ், 1956இல் லூதியானாவில் ஹீரோ ஆகியவை தொடர்ந்தன. இதனால் மிதிவண்டி துரைமார் வாகனம் என்ற நிலை மாறிச் சாதாரண மக்களின் வாகனமாயிற்று என்று நூல்கள் கூறும். சாதாரண மக்கள் என்போரில் நாம் எப்போது சேர்ந்தோம் என்பதை அந்நூல்கள் கூறுவதில்லை.

நம்மவரில் முதலில் மிதிவண்டி கண்டோர் மாதச் சம்பளம் கண்டோரே. ஆசிரியர், தபால்காரர், இரயில்வே ஊழியர், நகராட்சிப் பணியாளர், மதுரை ஹார்வி மில் தொழிலாளி ஆகியோரே அவர்கள். அரசு ஊழியர்க்கு மிதிவண்டி வாங்க முன்பணம் உண்டு. மாதந்தோறும் சம்பளத்தில் பிடித்தம் செய்வர். நாட்கூலிக்கு உழைப்பவருக்கு முன்பணம் கொடுப்பார் யார்? எனவே கூலியாளரின் வீட்டுக்கு வந்த மிதிவண்டி பெரும்பாலும் இரண்டாங்கை, மூன்றாங்கை வண்டி. இங்கேதான் செலவின் சூழ்ச்சி தொடங்குகிறது. புது வண்டி வாங்கியவர் முதற் சில ஆண்டுகளுக்கு எண்ணெய் விட்டுக் காற்றடித்தாற் போதும். பழைய வண்டி வாங்கியவர்க்கு அவ்வண்டி வீடு வந்த அன்றே டயர் கேட்கும். அடுத்த மாதம் செயின் கேட்கும். முன்னவன் ஓட்டித் தேய்த்ததற்கெல்லாம் பின்னவன் காசு கொடுக்கிறான். குறைந்த விலைக்குக் கிடைத்தது என்று மகிழ்ந்தவர்கள், விலையின் மீதியைத் தவணை முறையில் சைக்கிள் கடைக்காரருக்குச் செலுத்திக்கொண்டிருந்தனர். ஏழைக்கே எப்பொருளும் விலை அதிகம் என்பதற்கு இதனினும் நல்ல எடுத்துக்காட்டு நமக்குத் தெரியவில்லை.

அந்தச் செலவை உணர வண்டியின் உடலை அறிதல் வேண்டும். நம் ஊர்களில் ஓடிய கறுப்பு வண்டியின் டயர் 28 அங்குலம், ஒன்றரை அங்குல அகலம். முன் சக்கரத்தில் 32 ஸ்போக்ஸ் கம்பிகள். பின் சக்கரத்தில் 40. பின்னால் எட்டுக் கம்பி கூட்டி வைத்தவன் கேரியரில் பாரம் ஏறும் என்பதை ஓரளவு எண்ணியே வைத்தான். ஆனால் ஒரு நெல் மூட்டையும், இருபுறமும் தொங்கும் தண்ணீர்க் குடங்களும், முன்பாரில் ஒரு பிள்ளையும் ஏறும் என அவன் எண்ணியிருக்கமாட்டான். பாரம் தாளாமல் ஒரு கம்பி அறும். ஒன்றுதானே என்று விட்டால், அதன் சுமை அண்டைக் கம்பிகள் மேல் விழுந்து அவையும் தளரும். சக்கரம் ஆடும், ஆடும் சக்கரம் பிரேக் கட்டையில் உரசும், ரிம் கோணும், டயரின் விளிம்பு தேயும். அன்றே ஒரு கம்பியைப் போட்டுக் கோட்டம் எடுத்திருந்தால் சில காசோடு போயிருக்கும். கையில் அந்தச் சில காசு அன்று இல்லாமையால், மாதம் கழித்து ரிம்மும் டயரும் வாங்க நேரும்.

செயினின் கதையும் இதுவே. மண்ணெண்ணெயில் கழுவி எண்ணெய் விடாத செயினின் மூட்டுகள் தேய்ந்து அது நீளும். முதலில் பின் சக்கரத்தைப் பின்னுக்கு இழுத்துக் கட்டுவர். பிறகு ஒரு கண்ணியை வெட்டுவர். அதற்குள் பற்சக்கரத்தின் பற்களும் பிரீவீலின் பற்களும் கொக்கிபோல் வளைந்துவிடும். தேய்ந்த பற்களின்மேல் புதுச் செயின் நில்லாது, நழுவும். ஆகவே ஒன்றை மாற்றப் போனவர் மூன்றையும் மாற்ற வேண்டியவராவார். கடைக்காரர் ஏமாற்றுகிறார் என்று நம் வீட்டுப் பெரியவர்கள் வைதது உண்டு. அவர் மேல் குற்றமில்லை, இரும்பின் இயல்பு அது. ஆண்டுக்கொரு முறை ஓவராயில் செய்து பால்ஸையும் கோனையும் கழற்றிக் கிரீஸ் வைக்க வேண்டும் என்பர். நம் வீடுகளில் வண்டி நின்றால்தான் ஓவராயில்.

இவற்றினும் மேலாக நம் சமவெளிக்கே உரிய ஒரு பகை உண்டு. அது சீமைக் கருவேல முள். அயல்நாட்டிலிருந்து பத்தொன்பதாம் நூற்றாண்டில் விறகுக்கென்று கொணரப்பட்ட மரம், மதுரை, சிவகங்கை, இராமநாதபுரம் கண்மாய்களிலும் தரிசுகளிலும் பரவி நிற்பதை நாம் அறிவோம். அதன் முள் டயரைத் துளைத்து உள்ளே ஒடிந்து தங்கும். டியூபை மட்டும் எடுத்து ஒட்டுப் போட்டு மாட்டினால், தங்கிய முனை மறுநாள் மீண்டும் குத்தும். ஆதலால் தேர்ந்த கடைக்காரர் டயரின் உட்புறத்தை விரலால் தடவி முள்முனையைத் தேடி எடுப்பார். தண்ணீர்த் தொட்டியில் குமிழி பார்த்தல், உப்புத்தாளால் தேய்த்தல், சொலூஷன் தடவி உலரவிட்டு ஒட்டுதல் ஆகியவற்றை நம் பிள்ளைகள் கடை வாசலில் குந்தியிருந்தே கற்றனர். டியூபில் ஒட்டின்மேல் ஒட்டு விழுந்து, அசல் ரப்பர் எது என்று தேடும் நிலை வரும் வரை ஓட்டினர். கிழிந்த டயருக்குள் பழைய டயர்த் துண்டை வைத்துத் தைத்தனர். வால்வு டியூப் எனும் விரல் நீள ரப்பர் வெயிலில் காய்ந்து வெடித்தாலும் வண்டி நின்றுவிடும். மிகக் குறைந்த விலைப் பொருள் அதுதான், அதற்கும் காசு வேண்டும்.

வண்டிக்கு வரியும் இருந்தது. நகராட்சியும் ஊராட்சியும் ஆண்டுதோறும் மிதிவண்டி வரி தண்டித் தகட்டு வில்லை கொடுத்தன. வில்லையில்லா வண்டியைப் பிடித்தால் அபராதம். இரவில் விளக்கின்றிச் சென்றாலும், இருவர் ஏறிச் சென்றாலும் காவலரிடம் பதில் சொல்ல வேண்டும். மண்ணெண்ணெய் விளக்குக்கு எண்ணெய்ச் செலவு. டைனமோ வந்த பின் எண்ணெய் வேண்டாமல் போயிற்று, ஆனால் டைனமோவின் உருளை டயரில் உரசி ஓடுவதால் டயரின் பக்கம் தேய்ந்தது. ஒரு செலவை ஒழித்தால் அது மற்றொரு செலவாகப் பிறவியெடுக்கும் என்பதே மிதிவண்டியின் தத்துவம்.

வண்டி வாங்க இயலாதோர்க்கு வாடகைக் கடை இருந்தது. மணிக்கணக்கில் வாடகை, பேரேட்டில் பெயரும் நேரமும் எழுதிக்கொள்வர். தெரிந்தவர் சொன்னால்தான் வண்டி கொடுப்பர். சேரி என்று தெரிந்தால் வண்டி இல்லை என்ற கடைகளும் உண்டு. முகம் பாராமல் கொடுத்த கடைகளும் உண்டு. நம் மூத்தோர் பலர் அந்த அரை வண்டிகளில்தான் ஓட்டப் பழகினர். பெரிய வண்டியாயின் இருக்கைக்கு எட்டாமல் பாருக்கடியில் காலை நுழைத்துக் குரங்குப் பெடல் அடித்தனர். மணி கடந்துவிடுமோ என்ற அச்சத்தில் மூச்சிறைக்கத் திரும்பிய அந்த ஓட்டத்தின் விரைவை இன்றைய இளைஞர்கள் மோட்டார் வண்டியிலும் கண்டிரார்.

இதுவரை கூறிய செலவுகள் எல்லாச் சாதி ஏழைக்கும் உரியவை. இனிக் கூறப்போவது நமக்கு மட்டுமே உரியது. எந்தக் கடைக்காரரின் விலைப்பட்டியலிலும் அது இல்லை.

ஊரின் நடுத்தெரு வழியே நம்மவர் மிதிவண்டியில் ஏறிச் செல்லலாகாது என்பது பல ஊர்களின் எழுதாச் சட்டம். தெருமுனையில் இறங்கித் தள்ளிக்கொண்டு போய், மறுமுனையில் ஏறிக்கொள்ளல் வேண்டும். சில ஊர்களில் தள்ளிக்கொண்டும் போகலாகாது. கண்மாய்க் கரை வழியே சுற்றிப் போதல் வேண்டும். இந்த இழிவைப் பற்றி நம் மேடைகளில் நிறையப் பேசப்பட்டிருக்கிறது. நாம் இங்கே அதன் செலவைக் கணக்கிட விழைகிறோம். ஊர்ச் சாலை மெத்தப்பட்ட சாலை; கண்மாய்க் கரை சரளையும் முள்ளும் நிறைந்த பாதை. அரைக் கல் தொலைவு ஒன்றரைக் கல் ஆகும். முள் குத்துவது அங்கே. டயர் அறுபடுவது அங்கே. கம்பி முறிவதும் அங்கே. பஞ்சர் ஒட்டக் கொடுத்த காசில் ஒரு பங்கு முள்ளுக்குரியது. மற்றொரு பங்கு சாதிக்குரியது. இந்தச் செலவை நம் மூத்தோர் பஞ்சர் கணக்கிலேயே எழுதி வந்தனர். சாதிக் கணக்கில் எழுதவில்லை. அதனால்தான் அது வரலாற்றிலும் ஏறவில்லை.

நேரக் கணக்கும் உண்டு. சுற்றி வந்த மாணவன் பள்ளி மணி அடித்த பின் வந்து சேருவான். நேரம் கழித்து வந்ததற்குத் தண்டனை பெறுவான். எதற்காகச் சுற்றினான் என்று கேட்ட ஆசிரியர் சிலரே. பள்ளி வாசலில் நிறுத்திய வண்டியில் காற்றைப் பிடுங்கிவிடுவதும், வால்வைக் கழற்றி எறிவதும் விளையாட்டாகவும் நடக்கும், விளையாட்டல்லாமலும் நடக்கும். எந்த வண்டிகளில் மட்டும் அது அடிக்கடி நடந்தது என்று பார்த்தால் வேறுபாடு புரியும்.

சுற்றுப்பாதை பழங்கதை என்று எவரேனும் கருதினால், நம் மாவட்டத்து உத்தப்புரத்தை நினைவூட்டுகிறோம். 1989இல் அங்கே குடியிருப்புகளுக்கிடையே எழுப்பப்பட்ட சுவர், நம் மக்கள் பொதுவழிக்குச் செல்வதை மறித்து நின்றது. 2008 மே 6ஆம் நாள்தான் அதன் ஒரு பகுதி மாவட்ட நிர்வாகத்தால் இடிக்கப்பட்டது. பத்தொன்பது ஆண்டுகள்! அச்சுவரைச் சுற்றி நடந்த கால்களும் உருண்ட சக்கரங்களும் எவ்வளவு என்பதை யார் அளந்தார்?

சட்டம் இதைப் பெயரிட்டுச் சொல்ல நெடுங்காலம் எடுத்துக்கொண்டது. 1938இல் எம். சி. ராஜாவின் முயற்சியால் சென்னை மாகாணத்தில் சமூக இயலாமைகளை நீக்கும் சட்டம் வந்தது. 1955இல் தீண்டாமைக் குற்றச் சட்டம் வந்தது. 1989இல் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் வந்தது. இவையனைத்தும் பாதையைப் பற்றிப் பேசின. பொதுஇடத்தைப் பற்றிப் பேசின. மிதிவண்டியில் ஏறுவதையோ ஓட்டுவதையோ தடுப்பது குற்றம் என்று, மிதிவண்டி என்ற சொல்லையே எழுதி வைத்தது 2015இல் நிறைவேறி 2016 சனவரி 26 முதல் நடைமுறைக்கு வந்த திருத்தச் சட்டமாகும். செருப்பணிதல், புத்தாடை உடுத்தல், திருமண ஊர்வலம், குதிரையேறுதல் என்பனவும் அதே பிரிவில் உள்ளன. 1930-31ஆம் ஆண்டுத் தடைப் பட்டியலை அருகில் வைத்துப் படித்தால், ஒன்று மற்றொன்றுக்கு எழுதப்பட்ட மறுமொழிபோல் தோன்றும். இடைப்பட்டவை எண்பத்தைந்து ஆண்டுகள்.

பெண்களைப் பற்றித் தனியே கூற வேண்டும். ஏனெனில் வீட்டில் ஒரு வண்டி இருந்தால் அஃது ஆணுடையது என்பதே நம்மிடையிலும் வழக்கம். இந்த வழக்கத்தை உடைத்த நிகழ்ச்சி நமக்கு வடகிழக்கே புதுக்கோட்டையில் நடந்தது. 1991-92இல் அறிவொளி இயக்கம் எழுத்தறிவோடு மிதிவண்டி ஓட்டவும் பெண்களுக்குக் கற்பித்தது. மாவட்ட ஆட்சியராக இருந்த ஷீலாராணி சுங்கத் அதற்கு ஊக்கமளித்தார். வயலில் உழைப்போரும் கல் குவாரியில் உழைப்போரும் ஆயிரக்கணக்கில் ஓட்டக் கற்றனர். பெண்கள் வண்டி கடைகளில் கிடைக்காமற் போகவே ஆண்கள் வண்டியையே வாங்கினர். முன்பாரில் பிள்ளையை அமர்த்தலாம் என்பதால் அதையே விரும்பியோரும் உண்டு என்று பத்திரிகையாளர் பி. சாய்நாத் எழுதியிருக்கிறார். 1931இன் பட்டியல் ஒருசேரத் தடுத்த எழுத்தையும் சக்கரத்தையும் இந்த இயக்கம் ஒருசேரக் கொடுத்தது. இதனைத் திட்டமிட்டுச் செய்தார்களா என்பது நமக்கு முக்கியமன்று. செய்தார்கள்.

அதன்பின் அரசே மிதிவண்டி கொடுக்கத் தொடங்கியது. தமிழ்நாட்டில் 2001-02இல் மேல்நிலை வகுப்புகளில் பயிலும் ஆதிதிராவிடர், பழங்குடி மாணவியர்க்கென்று தொடங்கிய விலையில்லா மிதிவண்டித் திட்டம், 2005-06இல் எல்லா வகுப்பு மாணவ மாணவியர்க்கும் விரிந்தது. பீகாரில் 2006இல் ஒன்பதாம் வகுப்பு மாணவியர்க்கு மிதிவண்டி வாங்கப் பணம் கொடுத்தனர். அதனை ஆராய்ந்த கார்த்திக் முரளிதரன், நிஷித் பிரகாஷ் ஆகியோர், உயர்நிலைப் பள்ளியில் மாணவியர் சேர்க்கை ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு உயர்ந்ததெனவும், பள்ளி மூன்று கிலோமீட்டருக்கு அப்பால் உள்ள ஊர்களிலேயே பயன் மிகுதியெனவும் கண்டனர். நடந்து சென்ற தலைமுறைக்கு இதைச் சொல்ல ஆராய்ச்சி வேண்டியதில்லை; ஆயினும் ஆராய்ச்சி சொன்னால்தான் அலுவலகம் கேட்கும்.

கொடுத்த வண்டி என்னவாகிறது? நம் சங்கத்து இளைஞர்கள் தத்தம் தெருவில் ஒரு முறை நடந்து பார்த்தால் விடை தெரியும். கூரையோரம் சாய்ந்து, டயர் தரையில் படிந்து, செயின் துருவேறி நிற்கும் வண்டிகள் எத்தனை! மொத்தமாகப் பூட்டி வரும் வண்டிகளில் நட்டுகள் முறுக்கப்படாமலிருக்கும். முதல் வேலை ஒரு கடைக்குக் கொண்டு சென்று முறுக்குவதே. அதற்குக் காசு. முதல் மழையில் செயினுக்கு எண்ணெய். ஆறாம் மாதம் டியூப். விலையில்லாமல் வந்தது வண்டிதான். அதன் செலவு விலையில்லாமல் வரவில்லை. பிள்ளை வண்டியைப் போட்டுவிட்டான், அக்கறையில்லை என்று பெற்றோர் வைகின்றனர். ஆசிரியரும் வைகின்றனர். பெரும்பாலும் அக்கறைக் குறைவன்று; ஒரு டயரின் விலை அந்த வாரத்து வீட்டுச் செலவில் இடம்பெறவில்லை என்பதே காரணம். வண்டி நின்ற பின் பேருந்து தவறினால் பள்ளியும் தவறுகிறது. நின்றுபோன மாணவர்களின் பட்டியலில் காரணம் என்ற இடத்தில் ‘வண்டி பஞ்சர்’ என்று எவரும் எழுதுவதில்லை.

வைகையின் வடகரையில், வண்டியூர்க் கண்மாயை ஒட்டி எழுந்த கே.கே. நகரில் காலை எட்டு மணிக்கு நின்று பார்ப்போர்க்கு மாற்றம் கண்கூடு. ஒத்தக்கடை, மேலூர் பக்கமிருந்து ஒரு காலத்தில் மிதிவண்டியில் வந்த கொத்தனாரும் சித்தாளும் துப்புரவுப் பணியாளரும் இன்று மோட்டார் சைக்கிளிலும் பகிர்வு ஆட்டோவிலும் வருகின்றனர். மிதிவண்டியில் வருவோர் இரு வகையினர். ஒருவர் சீருடை அணிந்த பள்ளிப் பிள்ளைகள். மற்றவர் உடற்பயிற்சிக்கென விலையுயர்ந்த கியர் வண்டிகளில் தலைக்கவசத்தோடு விடியலில் செல்லும் வசதி படைத்தோர். முன்னவர் வண்டியைப் பழுதுபார்க்கக் கடை குறைந்து வருகிறது. பின்னவர்க்கான கடைகள் கண்ணாடிக் கதவோடு திறக்கப்படுகின்றன. பழைய சைக்கிள் கடைக்காரர்கள் மோட்டார் சைக்கிள் பஞ்சர் ஒட்டுவோராக மாறிவிட்டனர். அட்லஸ் நிறுவனத்தின் சாகிபாபாத் தொழிற்சாலை 2020 சூன் 3இல் மூடப்பட்டது. அந்நாள் உலக மிதிவண்டி நாள்! 2025 செப்டம்பர் 22 முதல் மிதிவண்டிக்கும் அதன் உதிரிப்பாகங்களுக்கும் சரக்கு சேவை வரி 12 விழுக்காட்டிலிருந்து 5 ஆகக் குறைந்தது. இது நல்ல செய்தி. ஆனால் உதிரிப்பாகத்தை மாட்ட ஆள் வேண்டுமே.

மோட்டார் சைக்கிள் வந்த பின் மிதிவண்டிக் கணக்கு எதற்கு என்று சிலர் நம்மிடம் கேட்டதுண்டு. மோட்டார் சைக்கிளின் செலவும் இதே வகையானதுதான், அளவில் பெரியது. மாதத் தவணை, பெட்ரோல், காப்பீடு, ஆயில் மாற்றம் என்று அதுவும் கேட்டுக்கொண்டேயிருக்கும். தவணை தவறினால் வண்டியே போய்விடும். மிதிவண்டியின் கணக்கை எழுதிப் பழகாத வீடு அந்தக் கணக்கையும் எழுதுவதில்லை. மேலும் பதினெட்டு வயது நிரம்பாத பிள்ளைக்கு மிதிவண்டியன்றி வேறு சொந்த வண்டி இல்லை. பள்ளிப் படிப்பு முடிவதோ அந்த வயதுக்குள்தான்.

ஆகவே நம் சங்கத்தார்க்கு ஒரு வேண்டுகோள். உதவித்தொகை, நோட்டுப் புத்தகம், தேர்வுக் கட்டணம் ஆகியவற்றோடு மிதிவண்டிப் பராமரிப்பையும் கல்விச் செலவு என்ற தலைப்பில் சேர்த்தல் வேண்டும். பெருந்தொகை தேவையில்லை. இரவுப் பாடசாலை நடக்கும் இடத்தில் ஒரு காற்றடிக்கும் பம்பு, ஒரு ஸ்பேனர் செட்டு, டயர் கழற்றும் நெம்பிகள், கம்பி முறுக்கும் சாவி, சொலூஷனும் உப்புத்தாளும், ஒரு குப்பி எண்ணெய், நான்கைந்து டியூப்கள் இருந்தாற் போதும். நம்மிடையே பழைய சைக்கிள் கடையில் வேலை பழகிய பெரியவர்கள் இன்னும் இருக்கின்றனர். முள்முனையைத் தடவி எடுக்கும் விரல்கள் அவை. ஞாயிற்றுக்கிழமை இரண்டு மணி நேரம் அவர்கள் அமர்ந்தால், மாணவ மாணவியர் தாமே ஒட்டுப் போடவும் கோட்டம் எடுக்கவும் கற்றுக்கொள்வர். கற்பவரில் பெண் பிள்ளைகள் முதலில் இருத்தல் நலம். வண்டி நின்றால் அவர்களைத்தான் முதலில் வீட்டில் நிறுத்துகின்றனர். ஒவ்வொரு வண்டிக்கும் ஒரு சிறு நோட்டு வைத்து, என்று என்ன பழுது, எந்தப் பாதையில் நேர்ந்தது, என்ன செலவு என்று எழுதி வைக்கவும் வேண்டும். பாதையின் பெயரை எழுத மறக்கலாகாது. சூன் மாதம் பள்ளி திறப்பதற்கு முன் முதல் ஞாயிற்றுக்கிழமையில் இதனைத் தொடங்கிவிடலாம்.